பிள்ளைகளிடம் கேளுங்கள், கேட்டதை எங்களுக்கும் சொல்லுங்கள்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை, உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஆகியவற்றின் செயலாளர்கள், தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஆசிரியையாகவும், பிறகு தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூன்று துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் உண்டு. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் போதைக்குப் பழகிவிட்டால், அவன் படிப்பு ஒரு துறையின் பொறுப்பு, உடம்பும் மனசும் இன்னொரு துறையின் பொறுப்பு, அவன் சட்டைப்பையில் இருந்த பொட்டலம் மூன்றாவது துறையின் பொறுப்பு என்று ஆகிவிடுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற இடம் எதுவும் இல்லை.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிக்கும் பிள்ளைகளிடம், பெயர் கேட்காமல், போதைப் பழக்கத்தையும் மனநிலையையும் ஒன்றாக விசாரிக்கும் ஓர் ஆய்வை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எல்லா மாவட்டங்களிலும் நடத்துங்கள். கிடைத்த முடிவை அதே கல்வியாண்டுக்குள் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள். இரண்டாவது பாதியை அழுத்திக் கேட்கிறேன். முடிவு எங்கள் கைக்கு வராவிட்டால் அந்த ஆய்வால் பள்ளிக்கு ஒரு பயனும் இல்லை.

2022 ஆகஸ்ட் 11 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்ததிலிருந்து ஆகஸ்டில் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம். ஜூன் 26 வந்தால் பேரணி, ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி. பள்ளி, கல்லூரிகளில் எதிர்ப்பு மன்றங்கள் இருக்கின்றன. காவல் துறை கஞ்சா வேட்டை நடத்தி, இத்தனை கிலோ பிடிபட்டது, இத்தனை பேர் கைது என்று அறிக்கை தருகிறது. இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. பள்ளிக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் ஒரு நாள் சோதனை நடந்தால் கொஞ்ச நாளைக்கு வகுப்பறையிலேயே வித்தியாசம் தெரியும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் பிடிபட்ட கஞ்சாவின் எடையை வைத்துப் பிள்ளைகளின் நிலையைத் தெரிந்துகொள்ள முடியாது. கிலோ கூடினால் கடத்தல் கூடியிருக்கிறதா, சோதனை கூடியிருக்கிறதா என்று பிரிக்கக்கூட வழியில்லை. எத்தனை பிள்ளைகள் தொட்டிருக்கிறார்கள், எந்த வயதில் தொட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் தூக்கம் கெட்டு மனசு ஒடிந்து கிடக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு நான் வேலை பார்த்த எந்தப் பள்ளிக்கும் பதில் வந்ததில்லை.

வந்தது ஒரு படிவம்தான். பள்ளியின் பெயர், மொத்த மாணவர்கள், போதைப் பழக்கம் கண்டறியப்பட்ட மாணவர்கள், எடுத்த நடவடிக்கை என்று நான்கு கட்டங்கள். மாலை நான்கு மணிக்குள் மெயிலில் போய்விட வேண்டும். தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஒருவர் 'நில்' (ஆங்கில nil, அதாவது ஒருவரும் இல்லை) என்று போடுவார். அரை மணி நேரத்தில் குழு முழுக்க 'நில்' நிறைந்துவிடும். யாரும் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாமல் அப்படிப் போடுவதில்லை. மூன்று என்று எழுதினால் மறுநாள் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று பேர் யார் என்று கேட்பார்கள். பெற்றோரை வரவழைக்கச் சொல்வார்கள். விஷயம் வெளியே கசிந்தால் பள்ளியின் பெயரோடு செய்தி வரும். கடைசியில் மூன்று டி.சி. கிழியும். உண்மையைச் சொன்னால் பிள்ளைக்குத்தான் அடி விழும் என்னும்போது எந்த ஆசிரியரும் பொய்யைத்தான் எழுதுவார். அந்த 'நில்'களைக் கூட்டி யாராவது ஒரு மாநிலக் கணக்குப் போட்டால் அதில் ஒரு பிள்ளைகூட இருக்காது.

சரி, பிள்ளைகளிடமே நேராகக் கேட்டால்? அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருமுறை ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னார்கள். ஆனால் மேலே வகுப்பு, பிரிவு, வருகைப் பதிவேட்டு எண் கேட்டிருந்தது. வகுப்பாசிரியர் பரீட்சை மேற்பார்வை மாதிரி பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு பையன் இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டே எழுதினான், ஆசிரியர் பக்கத்தில் வந்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்தான். சேகரித்த தாள்களை மேசை மேல் வைத்து அங்கேயே புரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் 'இல்லை' என்ற கட்டங்களின் மேல் மேலிருந்து கீழாக ஒரே கோடு. கேள்வியையே படிக்கவில்லை. ஆனால் கடைசிக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் நின்று பதில் எழுதியிருந்தார்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்பது அந்தக் கேள்வி. பத்து, பதினொன்று, ஒன்று. ஒரு தாளில், 'அப்பா வந்து படுத்தப்புறம்.'

அந்தப் பிள்ளை அதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அது வேண்டாத கேள்வி என்பதுபோல் ஒதுக்கி, 'இல்லை' கோடுகளை எண்ணிக்கொண்டு போனார்கள்.

நாட்டில் ஆய்வே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் குறித்துத் தேசிய அளவில் கணக்கெடுப்பு நடத்த வேண்டும், ஒரு தேசியத் திட்டம் வகுக்க வேண்டும், பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. 2019-இல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை வெளியிட்ட அறிக்கை, சுமார் 2 லட்சம் வீடுகளுக்குப் போய் 10 முதல் 75 வயது வரையிலான 4.73 லட்சம் பேரிடம் பேசி எழுதப்பட்டது. அந்த அறிக்கையில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிக விகிதத்தில் பயன்படுத்தும் போதை வகை ஒன்றே ஒன்றுதான், முகரும் போதை. அதாவது வொயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். கொஞ்சக் காசுக்கே கடையில் கிடைப்பவை. நாடு முழுவதும் சுமார் 4.6 லட்சம் பிள்ளைகளுக்கு இதிலிருந்து மீள உதவி தேவைப்படுகிறது என்று அந்த அறிக்கை கணித்தது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றும் சொன்னது.

ஆனால் அது வீட்டுக்கு வீடு போய் எடுத்த கணக்கு. அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வந்தவர் 'தம்பி, நீ கஞ்சா குடிப்பாயா?' என்று கேட்டால் தம்பி என்ன சொல்வான்? அதிலும் மாநிலக் கணக்கு கிடைக்குமே தவிர, மாவட்டக் கணக்கு கிடைக்காது. தூத்துக்குடியில் இருக்கும் சிக்கலும் திருப்பூரில் இருக்கும் சிக்கலும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஒன்று துறைமுக ஊர், இன்னொன்று வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைந்த பனியன் கம்பெனி ஊர்.

பள்ளிக்குள்ளேயே போய்க் கேட்ட ஆய்வும் இருக்கிறது. எய்ம்ஸ் ஆய்வாளர்கள் தலைமையில் 2018, 2019 ஆண்டுகளில் 10 நகரங்களில் 8, 9, 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் 5,920 பேரிடம் எடுத்தது. 15.1 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள். தொடங்கிய சராசரி வயது 12.9. அதாவது ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. கடந்த ஒரு வருஷத்தில் பயன்படுத்தியவர்களிடம் மனக்கஷ்டங்களும் மற்றவர்களைவிட அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள். யாராவது கேட்டால் மறைத்துவிடுவோம் என்று பாதிப் பேருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, லக்னோ, ராஞ்சி, இம்பால், திப்ரூகர், ஜம்மு, சண்டிகர் ஆகியவை அந்தப் பத்து நகரங்கள். சென்னை இல்லை, மதுரை இல்லை, கோவை இல்லை.

பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் 6 முதல் 23 வயது வரையிலான ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. பெங்களூரு, மைசூரு, ரிஷிவேலி, கொல்கத்தா, இம்பால், சண்டிகர் என்று அதன் மையங்கள். நம் எல்லைக்கு வெளியே ஆந்திராவின் ரிஷிவேலி வரை வந்துவிட்டார்கள், நம் பிள்ளைகளை எட்டவில்லை. இந்தியாவிலேயே மருத்துவக் கல்லூரிகள் நிறைந்த மாநிலங்களில் ஒன்று நம்முடையது. டி.டி.கே. மருத்துவமனையை சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கி, குடிப்பழக்கம் ஒரு நோய் என்று இந்த நாட்டுக்கே எடுத்துச் சொன்னது சென்னையில்தான். மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கு உலகம் முழுக்க அறியப்பட்ட ஸ்கார்ஃப் நிறுவனம் அண்ணா நகரில் இருக்கிறது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று நாம் சொல்லவே முடியாது.

2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு என்று அது கண்டது. நாட்டளவில் அது கிட்டத்தட்ட 98 லட்சம் பிள்ளைகள். அதற்குப் பிறகு கொரோனா வந்து போய்விட்டது. பிள்ளைகள் கையில் செல்போன் வந்துவிட்டது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய ஒன்பதாம் வகுப்பைப் பற்றிப் பேச முடியாது.

போதையையும் மனநிலையையும் ஏன் ஒன்றாகக் கேட்கச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. நன்றாகப் படம் வரைவான். கீழ் உதடு எப்போதும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். பல்வலி என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் உதட்டை விலக்கிப் பார்த்தால் உட்பக்கத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கூல் லிப். சின்னத் தலையணை மாதிரி ஒரு புகையிலைப் பொட்டலம், ஈறுக்கும் உதட்டுக்கும் இடையில் வைத்துக்கொள்வது. நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்ட பொருள், 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே பிள்ளைகளிடம் இது பரவுவது பற்றிக் கவலைப்பட்டு விசாரித்தது. ஏன்டா இதை வைக்கிறாய் என்று கேட்டேன். 'இத வெச்சா பசிக்காது டீச்சர். கோபமும் வராது' என்றான்.

பசியும் கோபமும். வீட்டில் அம்மா இரவு ஷிப்ட், அப்பா குடி. அவன் ஜாலிக்காக அதை வைக்கவில்லை, மருந்தாக வைத்துக்கொண்டிருந்தான். அதில் இருக்கும் நிகோடின் சில நிமிஷம் அமைதி தருவதுபோல் தோன்றும். அது வடிந்ததும் எரிச்சல் முன்னைவிட அதிகமாகும். அந்த எரிச்சலை அடக்க இன்னொரு பொட்டலம். ஒரு கட்டத்தில் அவனுடைய கோபம் அப்பாவால் வந்ததா, பொட்டலத்தால் வந்ததா என்று அவனுக்கே தெரியாமல் போய்விடும். அவனிடம் 'புகையிலை புற்றுநோய் தரும்' என்று ஆயிரம் தடவை சொல்லலாம். அது அவனுக்குத் தெரியும், பொட்டலத்திலேயே படம் போட்டிருக்கிறது. கோபத்தை என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை, அதுதான் குறை.

ஆராய்ச்சிகளும் இதையேதான் பல பக்கங்களிலிருந்து சொல்கின்றன. வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று அமெரிக்காவில் 2005-இல் வெளிவந்த பெரிய ஆய்வு கண்டது. போதையைத் தொடும் வயதும் அதுதான். 1998-இல் அமெரிக்காவின் சான் டியகோவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, சிறு வயதில் அடி, அவமானம், வீட்டில் குடிகாரர் போன்ற துன்ப வகைகளில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, பிற்காலத்தில் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று சொன்னது. எதிர்ப்பக்கமும் உண்மை. ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆளெடுத்தபோது 45,000-க்கும் அதிகமான இளைஞர்களிடம் கேட்டு, பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. 2019-இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் எடுத்த ஆய்வில், தினமும் வீரியம் மிக்க கஞ்சா புகைப்பவர்களுக்குக் கடும் மனநோய் (சைக்கோசிஸ்) வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று வந்தது. மனசு நொந்து போதைக்குப் போகிற பிள்ளையும் உண்டு, போதையால் மனசு குலைகிற பிள்ளையும் உண்டு. இரண்டுக்கும் அடியில் ஒரே வறுமையோ ஒரே அடியோ இருக்கிற பிள்ளையும் உண்டு. எது முந்தியது என்று தெரிய வேண்டுமானால் தொடுவதற்கு முன்பிருந்தே பார்க்க வேண்டும். அதனால்தான் அமெரிக்காவில் 21 மையங்களில் 11,000-க்கும் அதிகமான பிள்ளைகளை 9, 10 வயதிலேயே சேர்த்து வருஷாவருஷம் கவனித்து வருகிறார்கள்.

அவ்வளவு பெரிய ஆய்வை நான் இப்போது கேட்கவில்லை. ஒரு கேள்வித்தாளில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன். பிள்ளைகளின் மனநிலையைக் கேட்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் எஸ்.டி.க்யூ. என்ற 25 கேள்விகள் தமிழிலேயே இருக்கின்றன. அதோடு தூக்கம், சாப்பாடு, வீட்டில் குடிப்பவர் உண்டா, அடி வாங்குகிறாயா, பேசுவதற்கு ஒரு பெரியவராவது இருக்கிறாரா என்று கேட்டால் போதும்.

எப்படிக் கேட்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் கெட்டுப்போகும். ஐரோப்பிய நாடுகளில் 1995 முதல் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை 15, 16 வயது மாணவர்களிடம் வகுப்பறையிலேயே இப்படிக் கேட்கிறார்கள். பல நாடுகளில் ஆளுக்கொரு கவர் கொடுத்துவிடுவார்கள், எழுதி முடித்ததும் பிள்ளையே ஒட்டிக் கொடுக்கும். வீரம் காட்டிக்கொள்ள எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுகிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க, உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். நாமும் இதைச் செய்யலாம். அந்தப் பீரியடில் எங்கள் பள்ளி ஆசிரியர் யாரும் வகுப்பில் இருக்கக் கூடாது. வேறு ஊர் மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையிலிருந்தோ, சமூகப்பணி படிக்கும் மாணவர்களிலிருந்தோ ஆட்கள் வரட்டும். வருகைப் பதிவேட்டு எண் கேட்கக் கூடாது. பெற்றோரிடம் முன்கூட்டியே கடிதம் மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும், பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை விட்டுவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளே இதைத்தான் சொல்கின்றன.

தயவுசெய்து இந்தப் பதில்களை எமிஸ்-இல், அதாவது கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவில், ஏற்றாதீர்கள். எமிஸ்-இல் ஏறினால் அது பிள்ளையின் பெயரோடு சேரும். பெயரோடு சேர்ந்தது என்றைக்காவது ஒரு நாள் யாராவது ஒருவர் கண்ணில் படும். ஒரு பிள்ளை பதின்மூன்று வயதில் எழுதிய பதில் அதன் பின்னாலேயே வரக் கூடாது.

பெண் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் கஞ்சா தொடமாட்டார்கள் என்று நினைத்து இந்த மாதிரி ஆய்வுகளில் அவர்களை ஒப்புக்குச் சேர்க்கிறார்கள். கையில் கீறிக்கொண்ட தழும்பை மறைக்க வெயில் காலத்திலும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டு வந்த பிள்ளைகளை நான் அறிவேன். அண்ணன் போதை மாத்திரை போடுகிற வீட்டில் தங்கை எப்படித் தூங்குவாள் என்றும் தெரிய வேண்டும் அல்லவா?

பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மிக மோசமான நிலையில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். மெக்கானிக் பட்டறை, சாயப்பட்டறை, மீன்பிடி படகு, கட்டட வேலை, பேருந்து நிலையம். அவர்களைத் தேடிப் போக வேறு முறை வேண்டும். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றும் பழக்கம் பரவியிருக்கும் பகுதிகளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது, ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து பரவும்.

இனி, முடிவைத் திருப்பித் தருவது பற்றி. ஐஸ்லாந்து என்ற சின்ன நாட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கேட்பதற்கு முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானார்கள். அங்கே ஜனத்தொகை நம் ஒரு தாலுகா அளவுதான், பணமும் அதிகம். அப்படியே நகல் எடுக்க முடியாது. ஆனால் அவர்கள் செய்ததில் ஒன்றை நாம் நிச்சயம் செய்யலாம். எல்லாப் பிள்ளைகளிடமும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊரின் கணக்கைக் கையில் கொடுத்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் வைத்துப் பேசினார்கள். பெற்றோருடன் நேரம் செலவிடும் பிள்ளை, முறையாக விளையாடும் பிள்ளை, இரவு வெகு நேரம் வெளியே சுற்றாத பிள்ளை போதைக்குப் போவது குறைவு என்று கணக்கே காட்டியது. ஊர்கள் விளையாட்டுக்கும் இசைக்கும் பணம் ஒதுக்கின.

நம் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது பழக்கமாகிவிட்டது, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். விளையாட்டு நேரம் பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்று சொன்னால் எங்கோ ஒரு நாட்டுக் கதை என்று தள்ளிவிடுவார்கள். உங்கள் ஒன்றியத்திலேயே, மாலையில் விளையாடும் பிள்ளைகளில் இத்தனை பேர், விளையாடாத பிள்ளைகளில் இத்தனை பேர் என்று கணக்கைக் காட்டினால் பள்ளி மேலாண்மைக் குழுவில் யாராலும் தள்ள முடியாது. எங்களுக்கு வேண்டிய ஆயுதம் அதுதான்.

பள்ளி வாரியாகப் பத்திரிகையில் வெளியிட வேண்டாம், தேர்ச்சி விகிதம்போல் தரவரிசை போட்டுவிடுவார்கள். ஒன்றிய அளவுக் கணக்கு பொதுவில் வரட்டும். பள்ளிக் கணக்கு, போதுமான அளவு பிள்ளைகள் இருக்கும் பள்ளிகளுக்கு மட்டும், தலைமையாசிரியருக்கும் மேலாண்மைக் குழுவுக்கும் வரட்டும். அதை வைத்து எந்தத் தலைமையாசிரியர் மேலும் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். காவல் துறைக்கு இந்தத் தாள்களைப் பார்க்கும் உரிமை இல்லை என்பதையும் அரசாணையிலேயே எழுதுங்கள். விற்பவனைப் பிடிக்கச் சட்டம் ஏற்கெனவே கடுமையாகத்தான் இருக்கிறது. பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை சிறை. போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கும் இந்தக் கருணை எங்கள் ஆசிரியர் அறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது என்பதும் தெரியும். கேள்வித்தாளில் 'சாக வேண்டும் என்று நினைத்திருக்கிறாயா' என்று கேட்டுவிட்டு, பெயர் தெரியாது என்று கையை விரிக்க முடியாது. அதனால் ஆய்வு நடக்கும் வாரம் முழுக்க ஓர் ஆலோசகர் பள்ளியில் தனி அறையில் இருக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண் எல்லாப் பிள்ளைகள் கைக்கும் போக வேண்டும், அதுவும் போதைப் பிரச்சினைக்கும் இதே எண்ணில் பேசலாம் என்ற குறிப்போடு.

அந்த வாரம் முடிந்த பிறகும் ஓர் ஆள் வேண்டும். ஆசிரியருக்கே பயிற்சி கொடுத்துவிடலாமே என்பீர்கள். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் செய்து பார்த்து 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் நடத்தினார்கள், அவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. மற்ற சில பள்ளிகளில் ஆசிரியர்களே நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன, ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பலன் தெரியவில்லை. ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன், எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மார்க் போடுகிற கையிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்? அதுபோல, போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து போதையின் கேட்டைச் சொல்லும் திட்டம் 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் போதைப் பழக்கத்தைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பயன் இல்லை என்று 1994-லேயே தெரிந்துவிட்டது. நம் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒன்றியத்துக்கு இரண்டு ஆலோசகர்கள் என்று மாற்றிப் பாருங்கள், அடுத்த ஆய்விலேயே பலன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சிகிச்சை பக்கத்தில் 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மறுவாழ்வு மையங்களை அரசு திறந்தது. மனமார வரவேற்கிறேன். ஆனால் பதினைந்து வயதுப் பையனை நாற்பது வயதுக் குடிநோயாளியின் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைக்க முடியாது. வயது வராதவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. அதைவிட முக்கியம், போதையை முதலில் விட்டுவிட்டு வா, அப்புறம் மனநோயைப் பார்க்கலாம் என்று ஓரிடத்திலும், மனநோயைக் குணப்படுத்திக்கொண்டு வா என்று இன்னோரிடத்திலும் தாய்மார்களை அலையவிடுவது நிற்க வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு கையில் இருந்தால், எந்த மாவட்டத்தில் எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர் என்று நீங்களே திட்டமிடலாம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே அறிவித்து, காலாண்டுத் தேர்வுக்கு முன் ஐந்து மாவட்டங்களில் ஆரம்பியுங்கள். சென்னை, ஒரு கடலோர மாவட்டம், ஒரு தொழில் மாவட்டம், ஒரு மலை மாவட்டம், ஒரு டெல்டா மாவட்டம். அரசுப் பள்ளி மட்டும் போதாது, தனியார் பள்ளிகளையும் சேருங்கள், அங்கேயும் இதே பிள்ளைகள்தான். கேள்வித்தாளை இறுதி செய்வதற்கு முன் பத்துப் பதினைந்து மாணவர்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பொருளை எந்தப் பெயரால் சொல்கிறார்கள், எந்தக் கேள்வியைப் படித்ததும் பயந்து 'இல்லை' போடுவார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பெற்றோருக்குப் போகும் கடிதத்தை எழுதிக் கொடுக்க, மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் வந்து விளக்க என்னைப்போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் தயாராக இருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர்